பாட வந்த அஞ்சு பேர்

ரெத்தினபாயத் தேடியா வந்திய? உள்ள வாங்கம்மா, வெயில்ல நிக்காதிய. செருப்பக் கழட்ட வேண்டாம், வீட்டப் பெருக்கியே நாலு நாளாச்சு. அந்த நாற்காலி ஆடும், இதுல உக்காருங்க.

அவ இல்லம்மா. கோயிலுக்கும் போவல, சந்தைக்கும் போவல. போன நவம்பர்ல எறந்துட்டா. அஞ்சு மாசம் ஆவுது. ஆலங்கிணறு இங்க இருந்து எட்டு மைல்கூட இல்ல, அங்க வரைக்கும் சேதி வரலியா? சரி, அழாதிய. நீங்க அழுதா எனக்கும் அழுக வந்துரும், அப்புறம் ரெண்டு பேரும் உக்காந்து அழுதுக்கிட்டே இருக்க வேண்டியதுதான். இந்தாங்க, தண்ணி குடிங்க.

யாருக்கு, அம்மைக்கா முடியல? வீட்டுக்குக் கொண்டு போங்கன்னு சொல்லிட்டாவளா? பால் எறங்குதா? ரெண்டு நாளா அதுவும் இல்லியா. ம். சரிம்மா. பஸ் இனி மூணேகாலுக்குத்தான். இப்ப ரெண்டரை. அது வர வரைக்கும் இங்கயே இருங்க, ஸ்டாப்புல நிழல் கிடையாது.

உங்க அப்பாவுக்கும் இவதான் வந்து பாடினாளா? எந்த வருஷம்? ஆங், ஞாபகம் இருக்கு. அன்னைக்கு நான் மில்லுல மொத ஷிப்ட் முடிச்சு பசியோட வாரேன், வீடு பூட்டிக் கெடக்கு. சாவி வழக்கம்போல பூந்தொட்டிக்குக் கீழ. சோத்த மூடி வச்சிருக்கா, மீன் கொழம்பு ஆறிப்போய்க் கெடக்கு. உங்க அப்பாவால அன்னைக்கு நான் ஆறின கொழம்பு தின்னேன். குத்திக் காட்டலம்மா, சும்மா சொல்லுதேன்.

எத்தன நாள் அப்படித் தின்னுருக்கேன் தெரியுமா? இந்தப் பக்கத்துல ஒரு ஆளுக்கு முடியப் போவுதுன்னா, மொத ஆள் குருவானவர் வீட்டுக்கு ஓடும், ரெண்டாவது ஆள் இந்த வீட்டு வாசல்ல வந்து நிக்கும். 'ரெத்தினபாயக்கா, எங்க மாமாவுக்கு இழுத்துக்கிட்டு கெடக்கு, வந்து பாடுங்க.' அவ அடுப்ப அமத்திட்டு, பாட்டுப் புஸ்தகத்த ஒரு மஞ்சப் பையில போட்டுக்கிட்டுக் கெளம்பிருவா. கூட கோயில் பொம்பளைய சங்கத்துல இருந்து அஞ்சு பேரு. அன்னபாக்கியந்தான் இவளுக்கு வலது கை. மூச்சு இருக்க வரைக்கும் கட்டிலச் சுத்தி உக்காந்து பாடுவாளுவ. பாட்டக் கேட்டுக்கிட்டேதான் ஒரு உசுரு போவணும், அழுகையக் கேட்டுக்கிட்டு போவக்கூடாதும்பா.

நான் சத்தம் போடுவேன், போடாம இருப்பனா? 'உனக்கு வேற சோலி இல்லியாட்டி? ஊர்ல எவன் சாவான்னு பாத்துக்கிட்டே இருக்கியா?'ன்னு கேப்பேன். சிரிப்பா. எதுத்து ஒரு வார்த்த பேச மாட்டா. ஆனா போறத நிறுத்துனாளா? அதுவும் மாட்டா. ஒண்ணு சொல்லுதேன், நான் அவள ஒரு நாளும் தடுத்தது கிடையாது. ஏசுவேன், அவ்வளவுதான். ஏசுறது வேற, தடுக்கிறது வேற.

எங்க அம்மையிலதாம்மா இது தொடங்குச்சு. எங்க கல்யாணம் முடிஞ்சு மூணாவது வருஷம் அம்மை படுத்துட்டா. அம்மை இவளப் படுத்தின பாடு கொஞ்சமில்ல. வச்ச கொழம்புல உப்பு கூடவா இருக்கும், இல்ல கொறையா இருக்கும், சரியா இருந்ததே கிடையாது. கடைசி நாள்ல இவதான் பக்கத்துல உக்காந்து, அம்மை கையப் பிடிச்சுக்கிட்டு, யாரும் சொல்லாமலே பாட ஆரம்பிச்சா. மொத அடியப் பாடிட்டு நிறுத்திட்டா. நிறுத்திட்டு எங்க அக்காவப் பாத்தா. அக்காவுக்கு ஒண்ணும் புரியல. 'ரெண்டாவது அடிய நீங்க எடுங்க மைனி, உங்க சத்தத்தத்தான் அவிய தேடுதாவ'ன்னா. அக்கா அழுதுக்கிட்டே எடுத்தா. அம்மை மொகத்துல இருந்த சுளிப்பு அப்படியே போயிட்டாம். அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் அப்ப வாசல்ல பந்தக்காரன்கிட்ட பேசிக்கிட்டு நின்னேன். ஆம்பளைக்கு ஆயிரம் வேல இருக்கும்லா.

அன்னையில இருந்து அதான் அவ மொற. மொத அடி இவ எடுப்பா, ரெண்டாவது அடி வீட்டாளுதான் எடுக்கணும். மகளோ மகனோ புருசனோ, யாராவது ஒரு ஆள். பாட்டுத் தெரியாதுன்னா, பக்கத்து ரூமுக்குக் கூட்டிட்டுப் போய்ச் சொல்லிக் குடுத்துட்டு வருவா. உங்க அப்பாவுக்கு நீங்களா எடுத்திய? நீங்கதானா! பாத்தியளா. சின்னப் பிள்ளையா இருந்திருப்பிய.

எனக்குப் பாட்டும் கிடையாது, செபமும் கிடையாது. ஞாயித்துக்கிழம வெள்ள வேட்டி கட்டிக் கோயிலுக்குப் போவேன். பிரசங்கம் ஆரம்பிச்சா வெளிய வேப்பமரத்தடிக்கு வந்துருவேன். அங்க எனக்குன்னு நாலு கூட்டாளி உண்டு. காணிக்கப் பாட்டு கேட்டதும் ஒண்ணுமறியாதவன் கணக்கா உள்ள போய் நின்னுக்கிடுவேன். அவ பொம்பளைய பக்கத்துல இருந்து ஒரு பார்வ பாப்பா. வீட்டுக்கு வந்து ஒண்ணும் கேக்க மாட்டா. சாயங்காலம் குடும்ப செபத்துக்கு நான் டிவி சத்தத்தக் கொறச்சு வைப்பேன். அமத்த மாட்டேன், கொறச்சு வைப்பேன். அவளும் மகளும் உள்ள ரூம்ல பாடுவாவ. அதே பாட்டு, முப்பத்தஞ்சு வருஷம் அந்தச் செவுத்துக்கு அங்கிட்டு இருந்து கேட்டிருக்கேன்.

எங்களுக்கு ஒரே மக, ஷெர்லின். கோயம்புத்தூர்ல டீச்சரா இருக்கா. அவளப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புறதப் பாக்கணுமே! பஸ்ஸு வந்து வாசல்ல ஆரன் அடிச்சுக்கிட்டு நிக்கும். இவ பிள்ள தலையில கைய வச்சு செபம் பண்ணிக்கிட்டே இருப்பா. டிரைவர் கத்துவான். இவ கண்ணத் தெறக்காமலே ஒத்த வெரலத் தூக்கிக் காட்டுவா, பொறுன்னு. ஆமென் சொன்ன பெறவுதான் பிள்ள படியெறங்கும். அந்த டிரைவர் இந்துப் பையன், அவனே கடைசியில ஆரன் அடிக்கிறத விட்டுட்டான். அவ எழவுக்கு அவன் வந்து, இந்தா இந்த வாசல் நிலையப் பிடிச்சுக்கிட்டு நின்னு அழுதான்.

நல்லவம்மா அவ. அத நான் அவ இருக்கும்போது ஒரு தடவகூடச் சொன்னது கிடையாது. சொல்லணுமான்னு நெனச்சேன். தெரியாமலா இருக்கும்னு நெனச்சேன்.

ஒரு தடவ என்கிட்ட கேட்டா. ரிட்டையர் ஆயி ஒரு வருஷம் இருக்கும், வெண்டிக்கா நறுக்கிக்கிட்டே கேக்கா, 'ஏங்க, அந்தப் பாட்டுல ரெண்டாவது அடிய மட்டுமாவது படிச்சு வைங்களேன்'னு. எதுக்குட்டின்னேன். 'எனக்கு யாரு எடுப்பா? ஷெர்லின் தூரமால்லா இருக்கா'ன்னா. நான் சிரிச்சேன். 'ஒன்ன விட நான் ஒம்பது வயசு மூப்பு, சுகரு பிரஷரு எல்லாம் எனக்குத்தான் இருக்கு. நாந்தான் முந்திப் போவேன், நீதான் பாடணும். நல்லா சத்தமா பாடு'ன்னேன். அவளும் சிரிச்சுட்டா. பெறவு கேக்கவே இல்ல.

என்னம்மா மணியப் பாக்கிய? இன்னும் நேரம் கெடக்கு. என்ன கேட்டிய? அம்மைக்கிட்ட போய் என்ன சொல்லன்னா? ரெத்தினபாய் வாராளா, ரெத்தினபாய் வாராளான்னு காலையில இருந்து கேக்காவளா? எறந்துட்டான்னு சொன்னா தாங்க மாட்டாவ, அதனால... என்ன சொல்லப் போறேன்னிய? வர முடியலன்னு சொல்லட்டுமான்னா?

வேண்டாம். அது மட்டும் வேண்டாம்மா. எறந்துட்டான்னு சொன்னாலும் சொல்லுங்க, வரலன்னு சொல்லிராதிய. நான் சத்தம் போடல. இல்ல, போட்டுட்டேன், மன்னிச்சுக்கிடுங்க. உக்காருங்க. போவாதிய. நான் ஏன் சொல்லுதேன்னு கேட்டுட்டுப் போங்க. இத எம் மகளுக்குக்கூட நான் சொல்லல.

அவளுக்கு நெஞ்சுலதான். இதயம் வீங்கிப் போச்சுன்னாவ. எட்டு நாள் திருநெல்வேலி ஆசுபத்திரியில கெடந்தா. மக வந்து அஞ்சு நாள் இருந்துட்டு, சின்னப் பிள்ளையள விட்டுட்டு வந்தவ, போயிட்டு சனிக்கிழம வாரேன்னு போனா. வியாழக்கிழம டாக்டர் என்ன வெளிய கூப்பிட்டு, 'சொந்தக்காரங்களுக்குச் சொல்லிருங்க'ன்னாரு. நான் சரின்னு தலைய ஆட்டிட்டு வந்து, ஒருத்தருக்கும் சொல்லல. மகளுக்கும் சொல்லல. சொன்னா அது உண்மையாயிரும்லா.

வெள்ளிக்கிழம, நல்ல மழ. மூணு மணி இருக்கும். அவ கண்ணசந்து கெடக்கா. நான் பிளாஸ்க்குல காப்பி வாங்கிட்டு மாடியேறி வாரேன். நடையில அஞ்சு பேரும் நிக்காளுவ. அன்னபாக்கியம், அவ நாத்தனா, இன்னும் மூணு பேரு. சேலையெல்லாம் நனஞ்சு சொட்டுது. பாட்டுப் புஸ்தகத்த மட்டும் நனையாம பிளாஸ்டிக் பையில சுத்திக் கையில வச்சிருக்காளுவ.

அந்தப் புஸ்தகத்தப் பாத்ததும் எனக்கு உச்சந்தலைக்கு ஏறிட்டும்மா. அவளுவ அந்தப் பையோட ஒரு வீட்டுக்குள்ள போனா மறுநா அந்த வீட்டுல பந்தல் போடணும். முப்பது வருஷமா பாக்கேம்லா. 'யாரக் கேட்டு வந்திய?'ன்னேன். அன்னபாக்கியம், 'அண்ணாச்சி, ஒரே ஒரு பாட்டு. பாடிட்டுப் போயிருதோம்'ன்னா. 'எழவு வீடுன்னு நெனச்சியளாட்டி? அவளுக்கு ஒண்ணும் இல்ல, திங்கக்கிழம வீட்டுக்கு வந்துருவா. உங்களப் பாத்தா பயந்துதான் சாவா'ன்னு கத்துனேன். நர்ஸு எட்டிப் பாக்கா. அஞ்சு பேரும் படியெறங்கிட்டாளுவ. நான் ஜன்னல் வழியா பாக்கேன், கீழ சைக்கிள் ஸ்டாண்டு பக்கத்துல நிக்காளுவ. போவல. அரை மணி நேரம் நின்னாளுவ. மனசு மாறிக் கூப்பிடுவான்னு நெனச்சிருப்பாளுவ. நான் திரைச்சீலைய இழுத்து விட்டுட்டேன்.

அவளுவள உள்ள விடலன்னா இவ சாவ மாட்டான்னு நெனச்சேம்மா. வேற என்ன சொல்ல? அறுபத்தெட்டு வயசுல, மிஷின் வேல பாத்தவன், அப்படி நெனச்சேன். பயந்தது அவ இல்ல, நாந்தான்.

நாலரைக்கு முழிச்சா. கதவப் பாத்தா. 'ஏங்க, யாரும் வரலியா?'ன்னா. நான், 'யாரு வருவா, யாரும் வரல'ன்னேன். திரும்பவும் கதவப் பாத்தா. 'அன்னபாக்கியம்?'னா. 'இல்லட்டி, வரல'ன்னேன். 'மழையா இருக்கும். பாவம், பஸ் கெடச்சிருக்காது'ன்னா. ஐயோ அம்மா! எத்தன பேரு கட்டில் பக்கத்துல போய் உக்காந்தவ, மழைன்னு பாத்தாளா, வெயில்னு பாத்தாளா? அவ நேரத்துக்கு ஒருத்தியும் வரலன்னு நெனச்சு, அவளுவளுக்காக சாக்கும் அவளே சொல்லுதா.

பெறவு அவளே பாடுனா. மூச்சே இல்ல, பாட்டாவும் இல்ல, சும்மா உதடு அசையுற மாதிரி. ஆனா எனக்குத் தெரிஞ்சுட்டு, அந்தப் பாட்டுதான். மொத அடிய முடிச்சா. முடிச்சுட்டு நிறுத்துனா. நிறுத்திட்டு என் மொகத்தப் பாத்தா.

நான் வாயத் தெறந்தேம்மா. சத்தியமா தெறந்தேன். ராகம் நெஞ்சுக்குள்ள ஓடுது, வார்த்த ஒண்ணும் வரல. முப்பத்தஞ்சு வருஷம் கேட்ட பாட்டு. ஒரு வார்த்த வரல. அவ பாத்துக்கிட்டே இருக்கா. எனக்கு என்ன செய்யன்னு தெரியல. 'மூச்சு வாங்குதுல்லா, பேசாம இரு'ன்னு ஒரு அதட்டு அதட்டிட்டேன்.

பேசாம இருந்துட்டா. அஞ்சே முக்காலுக்குப் போயிட்டா. அதுக்கெடையில ஒரு வார்த்த பேசல. அவகிட்ட நான் கடைசியா சொன்னது அதாம்மா.

மக ராத்திரி போன்ல அழுதுக்கிட்டே கேக்கா, 'அப்பா, அன்னபாக்கியம் அத்த வந்தாவளா? அம்மாதான் நேத்து எங்கிட்ட போன்ல, அவியள வரச் சொல்லு, நேரமாயிட்டுன்னு சொன்னா. அவியட்ட அப்படிச் சொல்ல வாய் வராம, சும்மா போய்ப் பாருங்கன்னுதான் சொன்னேன்'ன்னு. அப்பதான் எனக்கு வெளங்குது, அவளுவள வரச் சொன்னதே இவதான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'வந்தாவ மக்கா, நல்லாப் பாடுனாவ'ன்னு சொன்னேன். பொண்டாட்டிகிட்ட வரலன்னு ஒரு பொய். மககிட்ட வந்தாவன்னு ஒரு பொய். மக அத அப்படியே எழுதிக் குடுத்துட்டா. அடக்க ஆராதனையில குருவானவர் வாசிக்காரு: 'அன்பின் மனைவியும் தாயுமான ரெத்தினபாய் அம்மாள், சபைப் பெண்கள் பாடக் கேட்டவாறே கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள்.' அந்த அஞ்சு பேரும் முன் வரிசையில உக்காந்திருக்காளுவ. அவளுவ எழும்பி அடிச்சாலும் பரவாயில்லன்னு நான் குனிஞ்சு உக்காந்திருக்கேன். ஒருத்தியும் வாயத் தெறக்கல. அன்னபாக்கியம் மட்டும் சேல முந்தானையால வாயப் பொத்திக்கிட்டா. எம் மகளுக்காகத்தான் பேசாம இருந்திருப்பாளுவ. எனக்காக இருக்காது.

அதுல இருந்து நான் கோயிலுக்குப் போவல. வேப்பமரத்தடிக்குக்கூடப் போவல. அன்னபாக்கியம் வீடு இங்க இருந்து மூணாவது வீடு. அவ வாசல் தெளிக்க வந்தா நான் ஜன்னலச் சாத்திக்கிடுவேன். ரெண்டு தடவ இட்டிலி குடுத்து விட்டா. வாங்கித் தின்னேன், பாத்திரத்தக் கழுவி அவ இல்லாத நேரமாப் பாத்து வாசல்ல வச்சுட்டு வந்தேன்.

உங்க அம்மைக்கு யார் பாடன்னுதான யோசிக்கிய? ரெத்தினபாய் இல்லன்னா என்ன, அவ பழக்கி விட்ட ஆளுவ அஞ்சு பேரு இருக்காவ. இவ போன பெறவு அவிய எங்கயும் பாடப் போவலன்னு கேள்வி. எதுக்குன்னு எனக்குத் தெரியும். மூணாம் வீடுதான், நீங்களே போய்க் கூப்பிடலாம். ஆனா நீங்க கூப்பிட்டா வர மாட்டாளுவ. ரெத்தினபாய் எங்கள நெனைக்கவே இல்லன்னு நெனச்சுக்கிட்டு இருக்காளுவ, புருசன் சொன்னதுதான் அவ சொன்னதுன்னு. அந்த நெனப்போட இன்னொரு கட்டில் பக்கத்துல போய் எப்படி உக்காருவாளுவ?

எழும்புங்க. என் சட்டை எங்க? சரி, இதே போதும். பஸ்ஸுக்கு இன்னும் பத்து நிமிசம் இருக்கு. பைய எடுத்துக்கிட்டியளா? படியப் பாத்து எறங்குங்க. இந்த வீடுதான், பச்சக் கதவு. நீங்க கொஞ்சம் என் பக்கத்துலயே நில்லுங்கம்மா.

ஏ அன்னபாக்கியம்! நாந்தான், அருமைநாயகம். கதவத் தொறம்மா. இல்ல, உள்ள வரல, இங்கனயே நிக்கேன். இந்தப் பிள்ள ஆலங்கிணத்துல இருந்து வந்திருக்கு, அம்மைக்கு முடியல, நீங்க அஞ்சு பேரும் பாட வரணும். பொறு, ஒண்ணும் சொல்லாத. மொதல்ல நான் சொல்லிக்கிடுதேன். ரெத்தினபாய் உங்களக் கேட்டா. வரச் சொன்னதே அவதான். முழிச்சதும் கதவத்தான் பாத்தா, உன் பேரச் சொல்லிக் கேட்டா. நீங்க கீழ மழையில நின்னது எனக்குத் தெரியும். வரலன்னு சொல்லிட்டேன். அவ அத நம்பிட்டாம்மா.